புகைப்படம்

பிப்ரவரி நடுவில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். காலை ஏழரை வரை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் சாலை முழுக்க நடப்பவர்களின் வசம். பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே கருங்கல் பாறை ஒன்றின்மேல் உட்கார்ந்து சூரியனுக்காகக் காத்திருந்தேன். பஞ்சாங்கப்படி ஆறரைக்கு உதயம். வரவில்லை. கிழக்கே ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. கால் மணி நேரம் கழித்து, தொடுவானத்துக்கு இரண்டு விரல் உயரத்தில், சுவரில் ஒட்டிவைத்த குங்குமப் பொட்டு போல ஒரு வட்டம் மெல்லத் துலங்கியது. கண் கூசவே இல்லை. அதற்குக் கீழே வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத சாம்பல் நிறம்.

"பனி சார், இந்த வருஷம் ஜாஸ்தி" என்றார் சுக்குக் காப்பி விற்பவர்.

பக்கத்தில் நின்ற வைத்திக்குப்பத்து மீனவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பனின்னா வலை நனையும்ணே. இது காஞ்ச மூட்டம். வாடை கொண்டாந்து போடுறது."

வானிலைக்காரர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறார்கள். ஈரம் முட்டி நின்று பார்வை மங்கினால் மூடுபனி. காற்று காய்ந்திருக்கும்போதே மங்கினால் தூசு அல்லது புகை. மீனவர் சொன்னதில் பாதி அங்கேயே நிரூபணமாகிவிட்டது. மீதிப் பாதிக்கு, அதாவது இந்தப் புகையை வாடைக்காற்று எங்கிருந்து கொண்டுவந்தது, யார் வீட்டுப் புகை இது என்பதற்கு, பாறையில் உட்கார்ந்தபடி பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் உயரத்துக்குப் போக வேண்டும்.

அவ்வளவு உயரம் போக வழியில்லாத காலத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிரகட்டோவா எரிமலை வெடித்துச் சிதறியது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாக உதித்து, பச்சையாக மறைந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் சி. மிக்கி ஸ்மித், நிறமாலைக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பச்சைச் சூரியனை அளந்தார். (பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானவர் இவர்தான்.) அதே செப்டம்பரின் முதல் வாரத்தில் ஹொனலூலுவில் செரினோ பிஷப் என்ற பாதிரியார், சூரியனைச் சுற்றி மங்கலான ஒரு வளையத்தைப் பார்த்துக் குறித்துவைத்தார். ஊர் ஊராக வந்த தேதிகளைக் கோத்துப் பார்த்தபோதுதான், ஒரு புகையாறு நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி உலகையே சுற்றிவந்திருப்பது தெரிந்தது. சென்னைக்குத் தென்கிழக்கே கிளம்பிய சாம்பல், ஆப்பிரிக்காவையும் பசிபிக்கையும் பார்த்துவிட்டு, மறுபடி கிழக்கிலிருந்தே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் செப்டம்பரில் பிரெஞ்சுப் புதுச்சேரியின் கடற்கரையில் காலாற நடந்தவர்களும் பச்சைச் சூரியனைப் பார்த்து மிரண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். லண்டன் ராயல் சொசைட்டி இந்தத் தகவல்களைத் தொகுத்து அறிக்கையாக வெளியிட்டபோது 1888 ஆகிவிட்டது.

ஐந்து வருட வேலை. இன்று அதே வேலையை இன்சாட்-3டிஆர் என்ற செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படமாகச் செய்கிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி, இந்தியாவின் தலைக்கு மேல் அசையாமல் நிற்பது போலத் தோன்றும் கோள் அது. 2016 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் அண்ணனான இன்சாட்-3டி 2013 ஜூலையில் ஏவப்பட்ட இடம், தென் அமெரிக்காவில் இன்னும் பிரான்ஸின் பகுதியாகவே இருக்கும் பிரெஞ்சு கயானாவின் கூரூ. புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஒரு தூரத்துச் சொந்தம் மாதிரி.

வங்கக் கடல் பக்கத்துப் புகையை விண்ணிலிருந்து பின்தொடர்ந்த கதையில் ஒரு கோள் இடம் மாறிய கதையும் உண்டு. 1998-ல் ஐரோப்பியர்கள் மீட்டியோசாட்-5 என்ற தங்கள் வானிலைக் கோளை நகர்த்திக்கொண்டுவந்து, 63 பாகை கிழக்கில், இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிறுத்தினார்கள். இந்தோயெக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வுக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆய்வின் முக்கிய மூளைகளில் ஒருவர் வீ. ராமநாதன். சென்னையில் பிறந்தவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும் ஊர். இன்னொருவர், ஓசோனுக்காக நோபல் பரிசு வாங்கிய பால் குருட்சன். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை மாலத்தீவைத் தளமாக வைத்து விமானங்கள் பறந்தன, கப்பல்கள் ஓடின. பிரெஞ்சு விண்வெளி அமைப்பு கோவாவிலிருந்து பலூன்களை விட்டது. காற்றோடு காற்றாக மிதந்துபோய், புகை போகும் பாதையிலேயே போகிற பலூன்கள்.

கடைசியில் தெரிந்தது என்ன? மனிதர் நடமாட்டமே இல்லாத நடுக்கடலில், மூன்று கிலோமீட்டர் உயரம் வரை, பழுப்பு மூட்டம். நிலத்திலிருந்து வாடைக்காற்று தள்ளிக்கொண்டுவந்தது. விறகடுப்பும் நிலக்கரியும் டீசலும் காட்டுத்தீயும் அதில் கலந்திருந்தன. 2002-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை இதற்கு 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயர் வைத்ததும் தில்லியில் கோபம் கிளம்பியது. பிறகு 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' என்று மாற்றினார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. யார் வீட்டுப் புகை என்ற கேள்வி அரசியல் கேள்வியும்தான்.

சரி, இவ்வளவு மேலே இருந்து பார்க்கும் கோள், கீழே இருப்பது மேகமா புகையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம், ஒரு பீடி போதும். (புகைக்க வேண்டாம், புகைப்பவரைப் பார்த்தால் போதும்.) பற்றவைத்த நுனியிலிருந்து நேராக எழும் புகை மெல்லிய நீலமாக இருக்கும். அதையே அவர் உள்ளே இழுத்து ஊதினால் வெள்ளையாக வரும். நுனிப்புகையின் துகள்கள் மிக நுண்ணியவை, ஒரு மைக்ரானில் பத்தில் சில பங்கு. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள், குட்டையான நீல அலையை அதிகமாகவும் நீண்ட சிவப்பு அலையைக் குறைவாகவும் சிதறடிக்கும். நுரையீரலுக்குள் போய்வந்த துகள் ஈரத்தைக் குடித்துப் பருத்துவிடுகிறது; பருத்த துகள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால் வெள்ளை. மேகத்துளிகள் இந்த இரண்டாம் வகை. இன்னும் பத்து மடங்கு, இருபது மடங்கு பெரியவை.

இந்த வேறுபாடுதான் பிடி. நாசாவின் டெரா, அக்வா கோள்களில் இருக்கும் மோடிஸ் கருவி 36 அலைவரிசைகளில் பூமியைப் பார்க்கிறது. நீலத்தில் பார்த்தால் புகை பளிச்சென்று தெரியும். 2.1 மைக்ரான் அகச்சிவப்பில் பார்த்தால் அதே இடத்தில் புகையே இல்லாதது போலக் கீழே இருக்கும் காடும் வயலும் தெரியும். நீண்ட அலை, சின்னத் துகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய்விடுகிறது. மேகமாக இருந்தால் இரண்டிலும் மறைக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-5பி இன்னொரு வழியில் போகிறது. புகையில் இருக்கும் கரி புறஊதா ஒளியை விழுங்கும், வெள்ளை மேகம் விழுங்காது. ஆகவே மேகத்தின் தலைமேல் புகை படிந்திருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

பீடிக்காரர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் அந்த நீலப்புகை சரியாகத் தெரியாது. இருட்டு வாசலுக்கு முன்னால் நின்றால் சுருள் சுருளாகத் தெரியும். செயற்கைக்கோளுக்கும் இதே சங்கடம் உண்டு. காய்ந்த பிப்ரவரி நிலம் வெளிறிக் கிடக்கும். அதன்மேல் மெல்லிய புகையைப் பிரித்தறிவது கஷ்டம். கடலோ ஒளியை உள்வாங்கிக் கறுத்திருப்பது. கங்கைச் சமவெளியில் சந்தேகமாகத் தெரிந்த மூட்டம், கங்கை முகத்துவாரத்தைத் தாண்டி வங்கக் கடலுக்கு மேல் வந்ததும் துல்லியமாகிவிடும். அந்தக் கறுப்புத் திரையின் மேற்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது புதுச்சேரி. போட்டோவுக்குத் தமிழில் புகைப்படம் என்று பெயர் வைத்தவர் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்.

புகையைக் கண்டுபிடித்தாயிற்று; இனி நெருப்பு. புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பது தர்க்க நூல்களின் பழைய உதாரணம். பயணப்பட்ட புகைக்கு அது செல்லாது. புகை இங்கே இருக்கும், நெருப்பு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதனால் நெருப்பைத் தனியாகத் தேடவேண்டும்.

எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ற ஒளியை வீசிக்கொண்டிருக்கிறது. 27 டிகிரி வெப்பத்தில் இருக்கும் நிலம் அதிகமாக வீசுவது 10 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்பு. காட்டுத்தீ 700 டிகிரியைத் தாண்டும்போது உச்சம் 3 மைக்ரானுக்கு இறங்கிவிடும். உலையில் காயும் இரும்பு முதலில் வெறும் சூடாக மட்டும் இருந்து, பிறகு சிவந்து, பிறகு வெளுப்பது இதே விதியால்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோடிஸின் ஒரு படப்புள்ளி, தரையில் ஒரு சதுர கிலோமீட்டர். அதற்குள் 25 சென்ட் இடத்தில் மட்டும் தீ. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. மனைப் பிரிவில் நாலைந்து பிளாட் அளவு. 11 மைக்ரானில் பார்த்தால் அந்தப் புள்ளியின் பிரகாசம் மூன்று சதவீதம்கூடக் கூடாது. வெயில் கொஞ்சம் ஏறியதோ என்று விட்டுவிடலாம். 4 மைக்ரானில் பார்த்தால்? அங்கே எரியும் நெருப்பு, எரியாத நிலத்தைப் போல 4,500 மடங்கு ஒளிரும். ஆயிரத்தில் ஒரு பங்கு இடம் மட்டும் எரிந்தாலே மொத்தப் புள்ளியும் ஐந்தரை மடங்கு பிரகாசமாகிவிடும். இரண்டு அலைவரிசைகளையும் ஒப்பிட்டு, ஒன்று எகிறி மற்றது எகிறாமல் இருந்தால் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடு என்பதுதான் கணினிக்குச் சொல்லிவைத்திருக்கும் விதி.

விதி ஏமாறும். செங்கல் சூளையும், எண்ணெய்க் கிணற்றில் எரியவிடும் வாயுச் சுடரும் அதற்கு நெருப்புதான். நண்பகலில் ஏரி நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் சிலசமயம் நெருப்பாகத் தெரியும். நேர்மாறாகவும் நடக்கும். அக்வா ஒரு இடத்தைப் பகலில் பல வருடங்கள் பார்த்துவந்தது மதியம் ஒன்றரை மணிவாக்கில். நெருப்பைத் தேடும் இன்னொரு கருவியான விர்ஸை ஏந்திய கோள்கள் வருவதும் அதே வாக்கில்தான். காய்ந்த போதைப்புல் சரிவில் பற்றும் தீ இரண்டு பார்வைகளுக்கு நடுவிலேயே பற்றி, ஓடி, முடிந்துவிட முடியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து 23 உயிர்களைக் குடித்தது இந்த மாதிரிப் புல்சரிவுத் தீ. டேராடூனிலிருந்து இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதலே செயற்கைக்கோள் புள்ளிகளை வனத்துறைக்கு எச்சரிக்கையாக அனுப்பிவருகிறது. அது பெரிய உதவி. ஆனால் கோள் மேலே வரும் நேரம் பார்த்துத் தீப் பிடிப்பதில்லை.

சிவப்புப் புள்ளி ஒரு அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் சொல்லும். அங்கே எரிவது என்ன? இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, கடற்கரையிலிருந்து சில நிமிட நடையில், செயின்ட் லூயிஸ் தெருவில் இருக்கிறது. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். பியர் லெக்ரி, வி.எம். மெஹர்-ஹோம்ஜி போன்றவர்கள் இங்கிருந்து கிளம்பிக் காடு காடாக நடந்து, பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் இந்தியாவின் தாவர வரைபடங்களைத் தயாரித்தார்கள். எண்பதுகளில் இதே நிறுவனத்தின் பாஸ்கல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை இன்னும் நுணுக்கமாக வரைந்தார். எந்தச் சரிவில் பசுமைமாறாக் காடு, எங்கே இலையுதிர் காடு, எங்கே முட்புதர் என்று வண்ணம் வண்ணமாகக் காட்டும் தாள்கள் அவை. புள்ளியை இந்த மாதிரி வரைபடத்தின்மேல் வைத்தால்தான் அது பேசும். இலையுதிர் காட்டில் பிப்ரவரி, மார்ச்சில் எரிவது பெரும்பாலும் தரையில் கிடக்கும் சருகு. சீக்கிரம் எரிந்து சீக்கிரம் அடங்கும். மூங்கிலும் விழுந்த மரமும் எரிந்தால் நாள்கணக்கில் கனன்று, ஏராளமாகப் புகைக்கும். ஒரே அளவு சிவப்புப் புள்ளிதான், புகை ஒன்றல்ல.

அடுத்த சிக்கல் உயரம். கோள் மேலிருந்து பார்ப்பது, தரையிலிருந்து விண்வெளி விளிம்பு வரையுள்ள மொத்த அடுக்கையும் சேர்த்து. அந்த அடுக்கில் நாம் சுவாசிப்பது அடியில் இருக்கும் இரண்டு மீட்டரை. படத்தில் புதுச்சேரிக்கு மேல் அடர்ந்த புகை தெரியும். ஊரில் யாருக்கும் மூக்கு எரிந்திருக்காது. புகை இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். இதைப் பிரித்துச் சொல்ல நாசாவும் பிரெஞ்சு விண்வெளி அமைப்பும் சேர்ந்து 2006-ல் கலிப்ஸோவை அனுப்பின. அது லேசர் துடிப்பைக் கீழே எறிந்து, துகளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணும். தரையில் பட்டுத் திரும்புவதைவிட ஒரு மைக்ரோ நொடி முன்னால் வந்தால், துகள் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பொருள். 17 வருடம் உழைத்துவிட்டு 2023-ல் ஓய்வுபெற்றது. 2019-20 ஆஸ்திரேலியத் தீயின் புகை ஒன்று, ஆயிரம் கிலோமீட்டர் அகலச் சுழலாகத் திரண்டு, வெயிலைக் குடித்துச் சூடேறி, 35 கிலோமீட்டர் உயரம் வரை தானாகவே ஏறியதை உலகம் அறிந்ததில் இந்த லேசருக்குப் பங்குண்டு. 2023 ஜூனில் கனடாவின் காடுகள் எரிந்தபோது, ஸ்கார்பரோவில் இருக்கும் நம் தமிழர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். அதே புகை அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பெரும்பாலும் சூரியன் மறையும் வேளையில் வானம் கூடுதலாகச் சிவந்ததோடு சரி. அந்த ஒரு வருடத்தில் கனடாவில் எரிந்த காட்டின் பரப்பு தமிழ்நாட்டைவிடப் பெரியது.

நெருப்பும் புகையும் உயரமும் கிடைத்த பிறகு, இவற்றைக் கோக்கும் நூல் காற்று. நொடிக்கு எட்டு மீட்டர் வேகம் என்பது பட்டம் விடச் சௌகரியமான காற்று. அது ஒரு நாளில் 700 கிலோமீட்டர் போகும். தில்லியிலிருந்து புதுச்சேரிக்கு மூன்று நாள். காற்றின் பதிவுகளை வைத்துக் கணினியில் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டி, இன்று இங்கே இருக்கும் காற்றுப் பொட்டலம் நேற்று எங்கே, முந்தாநாள் எங்கே என்று தடம் பிடிக்கிறார்கள். போலீஸ் மோப்ப நாய் வேலைதான்.

2022 டிசம்பரில் அந்த நாய் நம் வாசல் வழியாகவே ஓடியது. மாண்டஸ் புயல் வங்கக் கடலின் தென்மேற்கில் உருவாகி, டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியது. புதுச்சேரிக்கு அது மழையும் கடல் சீற்றமும். அதற்கு முந்தைய நாள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. காற்றின் தரம் மோசமானதால் 9-ம் தேதி இலங்கை முழுக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். புயலைச் சுற்றி நம் அரைக்கோளத்தில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும்; ஆகவே புயலின் மேற்குப் பக்கத்தில் அது வடக்கிலிருந்து தெற்கே வீசும். வட இந்தியச் சமவெளியின் குளிர்கால மூட்டத்தை அந்தக் காற்று ஒரே இழுப்பாகக் கிழக்குக் கடற்கரை ஓரமாக இறக்கி, நம்மைத் தாண்டி, ஈழத்தின் தலையில் கொட்டியது. மூட்டத்தோடு குளிரும் இறங்கியது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் அந்தக் குளிரில் செத்துப்போயின.

இந்தியாவில் வைக்கோல் எரித்த புகை என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பஞ்சாபில் தாளடி எரிப்பது அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை உச்சம். டிசம்பர் எட்டாம் தேதி சிவப்புப் புள்ளிகள் வற்றியிருக்கும். சூளை, நிலக்கரி, வாகனம், குளிர்காயும் நெருப்பு எல்லாம் கலந்த மூட்டம் அது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்று செயற்கைக்கோளும் காற்றும் சேர்ந்து சொல்லிவிடும்; எந்த அடுப்பிலிருந்து என்று சொல்ல, கீழே ஒருவர் வடிதாளில் துகளைப் பிடித்து ரசாயனம் பார்த்தாக வேண்டும். போதாததற்கு, புயல் மேகம் கோளின் கண்ணையே மூடிவிடுகிறது. மேகத்துக்கு அடியில் புகை என்ன ஆனது என்பதைக் கணினி மாதிரிதான் ஊகித்து நிரப்புகிறது.

அந்தப் பிப்ரவரிக் காலைக்கு வருகிறேன். வீட்டுக்குப் போய் அன்றைய படத்தைத் திறந்தேன். நாசா இவற்றை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. மதியத்துக்கு மேல் அன்றைய படமே வந்துவிடும். ஒடிசா, ஆந்திராவின் கிழக்கு மலைத்தொடரில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். மியான்மர் மலைகளில் இன்னும் சில. வங்கக் கடலின் தலைப்பகுதியிலிருந்து தொடங்கி, நீலம் கலந்த சாம்பல் சேலை ஒன்று கரையோரமாகத் தெற்கே விரிந்து கிடந்தது. அதன் முந்தானை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்றின் அம்புக்குறிகள் வடகிழக்கிலிருந்து. மீனவர் சொன்ன வாடை.

மார்ச் கடைசியில் ஒருநாள் மறுபடி போய் உட்கார்ந்தேன். அதற்குள் காற்று கொண்டலாகத் திரும்பியிருந்தது, திறந்த கடலிலிருந்து நேராகக் கரைக்கு. சூரியன் கடல்கோட்டிலிருந்தே எழுந்தது, முதல் கீற்றிலேயே கண்ணைக் கூசவைத்தது. வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால், ஒடிசாவிலிருந்து மியான்மர் வரை சிவப்புப் புள்ளிகள் பிப்ரவரியைவிடப் பல மடங்கு. எல்லாப் புகையும் வடக்கே, வங்காளத்துப் பக்கமாகத் திரும்பியிருந்தது.